லூவரை ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பது எப்படி?

பத்து நாளில் ஏழு நாடு காட்டும் ஐரோப்பா டூரில் பாரிஸுக்கு ஒதுக்குவது ஒன்றரை நாள். அதில் ஈபிள் கோபுரம், சேன் நதியில் படகு, சென்ட் கடை, மதியம் ‘இந்தியன் லஞ்ச்’ எல்லாம் போக, லூவர் அருங்காட்சியகத்துக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். இதைக் கேட்டால் கலை தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும். முறையாகத் திட்டமிட்டால் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் லூவரை முடித்து, சாவிக்கொத்து வாங்கி, பஸ்ஸில் ஜன்னல் ஸீட்டும் பிடித்துவிடலாம். அங்கே நம்மவர் கூட்டங்களைக் கூர்ந்து கவனித்ததில் கிடைத்த ஞானம் இது. முதியோர், கைக்குழந்தைக்காரர்கள், ‘பையன் டிக்கெட் போட்டுக் கொடுத்தான், அதான் வந்தோம்’ வகையினர் எல்லோருக்கும் பொருந்தும்.

1. கிளம்புவதற்கு முன்

லூவருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. செவ்வாய் வெறுவாய் என்பது பாரிஸ்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது. மற்ற நாளில் போங்கள்.

டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ. அதுவரை எல்லோருக்கும் 22. பெருக்கிவிட்டால் அடுத்து வகுக்கத் தோன்றும். ‘இந்தப் படத்துக்கு நாம் எவ்வளவு கொடுத்தோம்’ என்று எண்ணிக்கொண்டே நின்றால் கூட்டத்தோடு நகர முடியாது.

இதற்கென்றே புது ஷூ வாங்குங்கள். கடைக்காரர் ‘நாலு நாள் போட்டா சரியாயிடும்’ என்று சொன்ன ஷூவாக இருப்பது உத்தமம். கால் கடிக்க ஆரம்பித்துவிட்டால் எந்தப் படத்தின் முன்னாலும் நிற்கும் ஆபத்து இல்லை. கண் தானாகவே பெஞ்சைத் தேடும். இந்தக் கால்வலி நம் தலைமுறையின் சோம்பலில் வந்ததும் அல்ல. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-லேயே ‘அருங்காட்சியகக் களைப்பு’ பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஓர் ஆளை அழைத்துப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்ப்பதற்காக அவர் குனிவதையும் வளைவதையும் எம்பி நிற்பதையும் புகைப்படம் எடுத்துச் சேர்த்தார். கோளாறு பார்ப்பவரின் உடம்பில் இல்லை, பொருளை வைத்திருக்கும் விதத்தில்தான் என்பது அவர் கட்சி. இந்த ஆறுதலோடு பெஞ்சில் உட்காருங்கள்.

முக்கியமாக, போகுமுன் எதையும் படிக்காதீர்கள். ஒரு பத்தி படித்தால்கூட உள்ளே போய் அதைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

2. பிரமிட்

முற்றத்தில் நிற்கும் கண்ணாடிப் பிரமிட்தான் வாசல். சீனாவில் பிறந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வடிவமைத்து 1989-இல் திறந்தது. ‘அரண்மனை நடுவில் இது என்ன கண்ணாடிக் கூடாரம்’ என்று அன்றைக்குப் பாரிஸே கொதித்தது. இன்று அதன் நுனியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடிப்பதுபோல் படம் எடுத்துக்கொள்ளாதவர் கிடையாது. அதற்கென்றே சுற்றிலும் கல்மேடைகள் இருக்கின்றன. ஏறி நில்லுங்கள்.

“இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல… போதும் போதும். ஐயோ, விரல் பிரமிடுக்குள்ள போயிடுச்சுங்க. வெளிய எடுங்க.”

இந்தப் படத்துக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். மொத்த நேரத்தில் ஆறில் ஒரு பங்கு போகிறதே என்று பதற வேண்டாம். உள்ளே எதற்கும் இவ்வளவு நேரம் ஆகாது. பக்கத்தில் யாராவது ‘இதில் 666 கண்ணாடி இருக்கிறது, சாத்தானின் எண்’ என்று சொன்னால் அவர் ‘டா வின்சி கோட்’ வாசகர். உண்மையில் 673. திருத்தப் போகாதீர்கள், பேச்சு வளரும்.

பாதுகாப்புச் சோதனையில் பையைத் திறக்கச் சொல்வார்கள். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கைமுறுக்கை அதிகாரி கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும்போது பொறுமையாக இருங்கள். அன்றைய பொழுதில் அந்தக் கட்டடத்தில் ஒரு பொருள் அவ்வளவு கவனமாகப் பார்க்கப்படுவது அநேகமாக அதுவே கடைசி முறை.

3. கணக்கு

லூவரில் பார்வைக்கு வைத்திருப்பவை சுமார் 35,000. ஒன்றுக்குப் பத்து வினாடி வீதம், சாப்பாடு தூக்கம் இல்லாமல், ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பறந்தே போனாலும் நான்கு நாளும் சொச்சமும் ஆகும். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், ஒரு படத்தின் முன் ஆட்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 2001-இல் வெளியான அந்த ஆய்வின்படி சராசரி 27 வினாடி. பாதிப் பேர் 17 வினாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். அந்த 27 வினாடியையே இங்கே வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 11 நாள். நம் டூரே பத்து நாள்தான்.

ஆகவே வேகம் முக்கியம். வேகத்துக்கு முன்னுதாரணங்களும் உண்டு. ழான்-லூக் கொதார் 1964-இல் எடுத்த ‘பான்த் ஆ பார்’ படத்தில் மூன்று பேர் காவலர்களுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு லூவரின் கூடங்கள் வழியே ஓடி, 9 நிமிடம் 43 வினாடியில் ‘முடிக்கிறார்கள்’. நிஜ வாழ்க்கைச் சாதனை 2025 அக்டோபர் 19, ஞாயிறு காலையில் நிகழ்ந்தது. நான்கு பேர் கொண்ட கும்பல், மாடிக்குச் சாமான் ஏற்றும் ஏணி பொருத்திய லாரியை நதிக்கரைப் பக்கம் நிறுத்தியது. இரண்டு பேர் ஜன்னல் வழியே அப்போலோ கூடத்துக்குள் இறங்கி, பிரெஞ்சு அரச குடும்பத்து நகைகளில் எட்டை எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் சேர்த்து எட்டு நிமிடத்துக்குள் முடிந்தது. மதிப்பு 8.8 கோடி யூரோ. அவசரத்தில் பேரரசி யூஜெனியின் கிரீடத்தை வழியில் போட்டுவிட்டுப் போனார்கள்.

செய்த காரியம் குற்றம்தான். ஆனால் என்ன பார்க்க வந்தோம், அது எங்கே இருக்கிறது, எத்தனை நேரம் ஆகும் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு லூவருக்குள் நுழைந்தவர்கள் என்று அன்று காலை அவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

4. வழி

லூவருக்கு மூன்று பகுதிகள்: டெனோன், சுல்லி, ரிஷ்லியூ. இலவச வரைபடம் தருவார்கள். வாங்கி, மடித்தபடியே பையில் வையுங்கள். ஊருக்குப் போய்க் கொலுவில் வைக்கலாம். பிரித்தால் எந்தப் பக்கம் மேலே என்பதில் கணவன் மனைவிக்குள் பேச்சு தடிக்கும்.

சுவரில் ஆங்காங்கே மோனலிசாவின் சின்னப் படமும் அம்புக்குறியும் இருக்கும். அந்த அம்பையும் பிடிக்க வேண்டியதில்லை. எந்தத் திசையில் கூட்டம் நகர்கிறதோ அந்தத் திசையில் நில்லுங்கள். கால் தரையில் படாமலே சேர்ந்துவிடுவீர்கள்.

வழியில் சரித்திரம் இடறும். 1190 வாக்கில் கோட்டையாகக் கட்டப்பட்டு, பின்பு அரண்மனையாகி, பதினான்காம் லூயி 1682-இல் வெர்சாய்க்கு அரசவையை மாற்றிக்கொண்டதும் பவிசு இழந்த கட்டடம் இது. பழைய கோட்டையின் அடிச்சுவரும் அகழியும் சுல்லி பகுதியின் கீழ்த்தளத்தில் இன்னும் இருக்கின்றன. 1793 ஜனவரியில் ராஜாவின் தலை போனது. அதே ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி, முடியாட்சி விழுந்த முதலாண்டு நிறைவன்று, ராஜாவின் படங்களைச் சனங்கள் பார்ப்பதற்காகக் கதவைத் திறந்துவிட்டார்கள். இதையெல்லாம் யோசிக்க ஆரம்பித்தால் கால் நின்றுவிடும். யோசிக்காதீர்கள்.

5. தலையில்லாத அம்மன்

தாரு படிக்கட்டின் உச்சியில், கப்பலின் முன்பகுதி வடிவிலான கல்பீடத்தின் மேல் இறக்கை விரித்து நிற்பவள் சமோத்ராஸின் வெற்றித் தெய்வம், நைக்கி. நம் பிள்ளைகள் ஷூ பிராண்டாக அறிந்திருக்கும் அதே பெயர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டுச் சிற்பம். 1863-இல் சமோத்ராஸ் தீவில் துண்டுதுண்டாகக் கிடைத்ததை ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். தலை கிடைக்கவே இல்லை. வலது கை 1950-இல் கிடைத்தது. பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் தனியாக இருக்கிறது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி: “தலை எங்க?” கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படம் எடுத்துக்கொண்டு மேலேறுங்கள். எக்காரணம் கொண்டும் பக்கவாட்டில் சற்று நகர்ந்து நின்று பார்த்துவிடாதீர்கள். அந்தக் கோணத்தில், எதிர்க்காற்றில் ஈரத்துணி வயிற்றோடு ஒட்டியிருப்பதும் தொடைப்பக்கம் துணி சுருண்டு திரள்வதும் தெரியும். கல் என்பது மறந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கத் தோன்றும். படிக்கட்டில் பின்னால் வருபவர்கள் திட்டுவார்கள்.

6. மோனலிசா

இதற்காகத்தான் வந்தோம். அருங்காட்சியகத்தின் கணக்கே, வருபவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இவளுக்காக வருகிறார்கள் என்பதுதான். கருநீலச் சுவர், குண்டு துளைக்காத கண்ணாடி, கயிறு கட்டிய வளைவு வளைவான வரிசை, தலைக்கு மேலே ஒரு செல்போன் காடு. அந்தக் காட்டுக்கு அப்பால், தேக்கில்கூட இல்லாமல் வெறும் பாப்ளர் பலகையில், 1503 வாக்கில் லியோனார்டோ தொடங்கிய படம். உயரம் 77 செ.மீ., அகலம் 53.

முன்னால் போய்ச் சேர்ந்ததும் சொல்ல வேண்டிய வாக்கியம்: “இவ்ளோ சின்னதா?” எல்லா நாட்டவரும் அவரவர் மொழியில் இதைத்தான் சொல்கிறார்கள். சொல்லும்போது குரலில் லேசான ஏமாற்றம் இருக்க வேண்டும். அதன் பின் சொல்ல வேண்டியது: “சிரிக்கிறாளா இல்லையான்னே தெரியல.” அவ்வளவுதான். காவலர் கையை ஆட்டி நகரச் சொல்வார், நகருங்கள்.

இவளைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. 1911 ஆகஸ்ட் 21 அன்று, லூவரில் கண்ணாடி பொருத்தும் வேலை செய்திருந்த வின்சென்சோ பெருஜியா என்ற இத்தாலியர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வரை யாருக்கும் தெரியவில்லை. விஷயம் பத்திரிகையில் வந்த பிறகு, படம் இருந்தபோது எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் அது இருந்த வெற்றுச் சுவரைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். சந்தேகத்தில் கவிஞர் அப்போலினேரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். பிக்காஸோவையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து ஃபிளாரன்ஸில் விற்கப் போனபோது பெருஜியா பிடிபட்டார். இன்று நாம் நிற்கும் வரிசையின் முதல் ஆள் அந்த வெற்றுச் சுவரின் முன்னால் நின்றவர்தான். எனவே முன்னால் நிற்பவரின் செல்போன் திரையில் பார்த்தாலே போதும். பார்த்த கணக்கில் சேரும்.

7. செல்ஃபியால் வரும் ஆபத்து

மோனலிசாவோடு செல்ஃபி எடுக்க வேண்டுமானால் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். இங்கேதான் பலர் வசமாக மாட்டிக்கொள்கிறார்கள். திரும்பிய பக்கத்து எதிர்ச் சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு படம் தொங்குகிறது. பாவ்லோ வெரோனேசே 1563-இல் முடித்த ‘கானாவூர்த் திருமணம்’. 6.77 மீட்டர் உயரம், 9.94 மீட்டர் அகலம். லூவரிலேயே பெரிய படம். பரப்பளவில் மோனலிசாவைப் போல் 160 மடங்குக்கு மேல். அந்தக் கூடத்தில் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்குத் தங்கள் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கதை பைபிளில் உள்ளது. கல்யாண வீட்டில் ஒயின் தீர்ந்துவிட்டது. இயேசு தண்ணீரை ஒயினாக்குகிறார். பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனால் பெண் வீட்டார் முகம் எப்படி ஆகும் என்று தெரிந்த எவருக்கும் இந்தப் படத்துக்கு உரை தேவையில்லை. நடுநாயகமாக இயேசுவும் மேரியும். அவர்களைச் சுற்றி வெனிஸ் நகரத்துப் பட்டும் முத்தும் தலைப்பாகையுமாக 130 பேர் போல. பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே என்று தேடினால் இடது ஓரத்து மூலையில் கிடைப்பார்கள். வந்த பெரிய மனிதர்களைக் கவனிக்கும் மும்முரத்தில் அவர்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்தப் பக்கமே ஒரு சீமாட்டி, யார் பார்த்தால் என்ன என்று பல்லுக்குள் குச்சி விட்டுக் குத்திக்கொண்டிருக்கிறாள். நடுவில் வாத்திய கோஷ்டி. மேல் மாடத்தில், இயேசுவின் தலைக்கு நேர் மேலே, ஒருவன் இறைச்சி வெட்டுகிறான். வலது பக்கம் மஞ்சள் உடைக்காரன் ஒருவன் கல்ஜாடியைச் சாய்த்து ஊற்ற, வெளிவருவது சிவப்பாக இருக்கிறது. அவன் அருகே நிற்கும் பெரியவர் கோப்பையைத் தூக்கி நிறம் பார்க்கிறார். அற்புதம் நடந்தது அவருக்கு இன்னும் தெரியாது. ஒரு பூனை மல்லாந்தபடி ஜாடியில் நகத்தைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு எதுவுமே தெரிய வேண்டியதில்லை.

படம் இங்கே வந்து சேர்ந்த கதையும் உண்டு. வெனிஸில் சான் ஜார்ஜோ மஜ்ஜோரே மடத்துத் துறவிகள் தங்கள் சாப்பாட்டுக் கூடத்துக்காக வரையச் சொன்னது. கூலி 324 டுக்காட் காசு, கூடவே சாப்பாடும் ஒரு பீப்பாய் ஒயினும். 1797-இல் நெப்போலியனின் படை அதைச் சுவரிலிருந்து இறக்கி, துண்டுகளாக வெட்டிப் பாரிஸுக்குக் கொண்டுவந்து மறுபடி தைத்தது. அதன் பின் வெனிஸுக்குத் திரும்பவேயில்லை. 2007-இல் மடத்துக் கூடத்தில் ஒரு டிஜிட்டல் நகலை மாட்டினார்கள்.

இந்தப் படத்தில் சிக்கினால் தப்பிக்க ஒரே வழி, செல்ஃபி எடுக்கும்போது கண்ணைச் செல்போன் திரையை விட்டு எடுக்காமல் இருப்பதுதான்.

8. நடந்துகொள்ளும் முறை

பிள்ளைகளையோ மாமியாரையோ அழைத்துச் செல்பவர்களுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. கிரேக்கச் சிற்பக் கூடத்தில் யாரும் எதையும் உடுத்தியிருக்க மாட்டார்கள். உடனே எல்லோரும் முகத்தை நிமிர்த்திக் கூரையைப் பார்ப்பது வழக்கம். பயனில்லை, பல கூடங்களில் கூரையிலும் அதேதான். தரையைப் பாருங்கள். அருமையான பளிங்கு.

பெரிய படங்களின் முன்னால் மௌனமாக நின்றால் விஷயம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்கள். எந்தப் படத்துக்கும் பொருந்தும் மூன்று வாக்கியங்கள்: “இதெல்லாம் கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கணும்.” “அந்த லைட்டிங் பாருங்க.” “அந்தக் காலத்துல கேமரா ஏது, எல்லாம் கையாலதான்.” மூன்றாவதைச் சொல்லும்போது பெருமூச்சு விடலாம்.

தாவீத் வரைந்த ‘நெப்போலியன் முடிசூட்டு விழா’ முன்னால் முதல் வாக்கியம் சரியாக வரும்; அது கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம். நடுவில் மேலே மாடத்தில் பெருமையோடு உட்கார்ந்திருப்பவர் நெப்போலியனின் அம்மா. உண்மையில் அவர் விழாவுக்கே வரவில்லை. இன்னொரு மகன் லூசியனோடு நெப்போலியனுக்கு இருந்த மனஸ்தாபத்தில் ரோமிலேயே இருந்துவிட்டார். படத்தில் மட்டும் ஆஜர். அரசாங்கப் படங்களில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை நம்பக் கூடாது என்று நம் வாசகர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

அருகிலேயே ஜெரிகோவின் ‘மெடூசாவின் தெப்பம்’. 1816-இல் கப்பல் தரைதட்டியபோது அதிகாரிகள் படகுகளில் ஏறிக்கொள்ள, 147 பேரைக் கட்டைகளால் கட்டிய தெப்பத்தில் விட்டார்கள். பதின்மூன்று நாள் கழித்து மீட்கப்பட்டபோது உயிரோடு இருந்தவர்கள் 15 பேர். குடும்பப் படத்துக்குப் பின்னணியாகச் சரிப்படாது. தாண்டிப் போங்கள்.

9. தவறியும் போகக் கூடாத இடங்கள்

கீழ்க்கண்ட மூன்று இடங்களில் கூட்டம் கிடையாது. இதிலிருந்தே அங்கே ஒன்றும் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, ஹமுராபியின் சட்டக் கல். ரிஷ்லியூ பகுதி. 2.25 மீட்டர் உயரக் கருங்கல்லில், மேலே நீதிக்கடவுளின் முன் மன்னர் நிற்க, கீழே பொடிப்பொடியாக ஆப்பெழுத்து. 3,700 ஆண்டுக்கு மேல் பழையது. 1901-இல் ஈரானின் சூசாவில் கிடைத்தது. இதில் ஒரு சட்டம், கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரர் செத்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை என்கிறது. சுவர் சாய்ந்தால் கட்டியவன் சொந்தச் செலவில் கட்டித் தர வேண்டும் என்கிறது இன்னொன்று. தவணையில் அடுக்குமாடி வீடு வாங்கி, மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கல்லின் அருகே போனால் திரும்பி வர மனம் வராது.

இரண்டாவது, எகிப்தின் ‘உட்கார்ந்திருக்கும் எழுத்தர்’. சுல்லி பகுதி. நாலாயிரத்து சொச்சம் ஆண்டுகளுக்கு முந்திய, கிட்டத்தட்ட முழங்கால் உயரமே உள்ள சுண்ணக்கல் சிலை. சம்மணமிட்டு, மடியில் பாபிரஸ் சுருள் விரித்து, கையில் எழுதுகோல் பிடித்திருந்த இடைவெளியோடு உட்கார்ந்திருக்கிறார். ராஜாக்களுக்குச் செதுக்கும் கட்டுடம்பு இவருக்கு இல்லை. மார்பு தளர்ந்து, வயிற்றில் மடிப்பு விழுந்திருக்கிறது; உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பு. கண்களைப் படிகத்தில் இழைத்துச் செம்புச் சட்டத்தில் பதித்திருக்கிறார்கள். அவை உங்கள் முகத்தில் நிலைக்கும். நீங்கள் ஏதோ சொல்லப்போகிறீர்கள், அதை எழுதிக்கொள்ள அவர் தயாராக இருக்கிறார். ‘என்ன சொல்வது?’ என்று யோசிக்க ஆரம்பித்தீர்களானால் கெட்டது குடி.

மூன்றாவது எல்லாவற்றையும்விட மோசம். ரிஷ்லியூ பகுதியின் மேல் தளத்தில், டச்சுப் படங்களுக்கு நடுவே, வெர்மீரின் ‘லேஸ் பின்னும் பெண்’. 24 செ.மீ. உயரம், 21 செ.மீ. அகலம். மோனலிசாவைச் சின்னது என்றவர்கள் இதைப் படமென்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மஞ்சள் உடுப்புப் பெண் ஒருத்தி தலை கவிழ்ந்து லேஸ் பின்னுகிறாள். முன்னால் ஊசிப்பை, அதிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக நூல் வழிந்து கிடக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த நூல் நூலே அல்ல, சிந்திய சாயம் போலக் கலங்கலாக இருக்கிறது. ஆனால் அவள் இரண்டு கைக்கும் நடுவில் இழுத்துப் பிடித்திருக்கும் இழை மட்டும் மயிரிழைத் துல்லியம். அவள் கண் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் மங்கல். எதையாவது உற்றுப் பார்க்கிறபோது நம் கண்ணும் அப்படித்தான் செய்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும். படத்தை விட்டு நகர்ந்த பின்னும் அந்தக் கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டு, எதிரில் வருவதையெல்லாம் உற்றுப் பார்க்கச் சொல்லும். அப்புறம் ஒன்றரை மணி நேரத்துக்கு உங்களால் ஒரு கூடத்தைக்கூடத் தாண்ட முடியாது.

10. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊர் நடராஜர் லூவரில் இருக்கிறாரா?

இல்லை. லூவரின் ஆசியக் கலைப்பொருள்கள் 1945-இல் கிமே அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. அதே பாரிஸ், சோழச் செப்புத் திருமேனிகள் உண்டு, தள்ளுமுள்ளு இல்லை. டூர் பட்டியலில் அது இருக்காது, நிம்மதியாக இருங்கள்.

கூட்டத்தில் தொலைந்துவிட்டால்?

மோனலிசா கூடத்துக்குப் போய் நில்லுங்கள். உங்களைத் தேடாவிட்டாலும் உங்கள் குழு அங்கே வந்தே தீரும். அவளைத் தனி அறைக்கு மாற்றப்போவதாக 2025 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் அறிவித்திருக்கிறார். அதன் பின் இந்த ஆலோசனை புதுப்பிக்கப்படும்.

மோனலிசாவுக்குப் புருவமே இல்லையே?

கவனித்துவிட்டீர்களா? அப்படியானால் அனுமதிக்கப்பட்ட நேரத்துக்கு மேல் பார்த்திருக்கிறீர்கள். மறுபடி இப்படிச் செய்யாதீர்கள்.

ஊருக்கு வந்ததும் ‘லூவர் எப்படி?’ என்று கேட்டால்?

“பெருசு. அடேயப்பா, பெருசு. கால் போயிடுச்சு.” இதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். சம்பந்தி மட்டும் கேட்பார். அவரிடம் நகைத் திருட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

என் மனைவி ஒரு சின்னப் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். கூப்பிட்டால் ‘இருங்க’ என்கிறாள். பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிடம்தான். என்ன செய்வது?

பக்கத்தில் போய் நின்று, எதைப் பார்க்கிறாள் என்று கேளுங்கள். சொன்னால் நீங்களும் பாருங்கள். டூர் மேனேஜர் விடாமல் போன் அடிப்பார். எடுக்க வேண்டாம், ரோமிங்கில் நிமிடத்துக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் தெரியுமா?